முதல் எழுது, பிறகு அமத்து

அந்த இயந்திரம் பெட்டியிலிருந்து இறங்கி மேசையில் ஏறிய நாளன்று, பொருத்த வந்த பொறியியலாளர் சுவிட்சில் கையை வைத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்கோ," என்றார் மிஸ். பிறகு எங்கள் எல்லோரையும், பெட்டி தூக்கி வந்த இரண்டு பேரையும் சேர்த்துத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "போட்டவுடனே முதல் என்ன வரும்? சத்தமோ, வெளிச்சமோ, மணமோ?" ஆளுக்கொரு துண்டில் எழுதித் தரவேண்டுமாம். அதுவும் பேனையால். நான் வெளிச்சம் என்று எழுதினேன். பெட்டி தூக்கி வந்தவர்களில் ஒருவர் சத்தம் என்று சிங்களத்தில் எழுதினார். மிஸ் மணம் என்று எழுதினார். சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. பிளக் கழன்று கிடந்தது. "பாத்தீங்களே, இதை ஒருத்தரும் நினைக்கேல்லை!" என்று மிஸ் சந்தோஷப்பட்டார். லொத்தர் விழுந்த ஆள்கூட அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் அப்போது கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவேன். மிஸ் விரிவுரையாளர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெள்ளவத்தையில் கடல் பார்த்த ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தவர். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், எங்கிருந்தாலும் இதைத் தேடிப் படித்துவிட்டு, "இதில எத்தனை வசனம் நீங்கள் பாத்தது, எத்தனை நீங்கள் நினைச்சது?" என்று கேட்டுக் கடிதம் போடக்கூடியவர்.

யுத்த காலம். வடக்கில் சண்டை, கொழும்பில் சோதனை. போதாததற்கு மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, பகலில் பாதி நேரம் மின்சாரமும் இல்லை. அந்த வருடம் பார்த்துத்தான் எங்களுக்கு அந்தப் புது இயந்திரம் வெளிநாட்டு உதவியில் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை வந்த நேரத்தில் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற கதைதான்.

அது என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு மிஸ் ஒரே மூச்சில் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை ஒரு பொருளுக்குள்ளால் விடும். அந்தப் பொருள் எந்தெந்தக் கதிரை விழுங்குகிறதோ, அந்தந்த இடத்தில் கோடு கீழே விழுந்து ஒரு பள்ளம் வரும். ஒரு சின்ன இயந்திரக் கை பேனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டைக் கடதாசியில் ஊர்ந்து ஊர்ந்து கீறும். பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் பொருள் இன்னதென்று தெரிந்துவிடும்.

மற்ற இடங்களில் இப்படி ஒரு விலை கூடிய சாமான் வந்தால் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பூட்டி, விரிவுரையாளர் மட்டும் தொட்டு, பிள்ளைகளுக்கு அச்சடித்த கோட்டைக் காட்டுவார்கள். மிஸ் அதை இரண்டாம் வருடப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். நாற்பது பேருக்கு ஒரு இயந்திரம். வரிசை கொரிடோர் வரைக்கும் நிற்கும். வரிசை ஊர்வதற்குக் காரணம் இயந்திரமல்ல, மிஸ்ஸின் சட்டம்தான்: பொத்தானைத் தொடும் முன்னர் என்ன வரும் என்று கொப்பியில் எழுதவேண்டும். பென்சில் கூடாது. தமிழோ சிங்களமோ இங்கிலீஷோ, எந்தப் பாஷையிலும் எழுதலாம். எழுதினதை வெட்டக் கூடாது.

"முதல் எழுது, பிறகு அமத்து." ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். பிள்ளைகள் அதையே அவருக்குப் பட்டமாகவும் வைத்திருந்தார்கள். தூரத்தில் அவர் வருவதைக் கண்டால், "முதல் எழுது வாறா," என்பார்கள்.

பிழையான ஊகத்துக்கு அவர் ஒருநாளும் புள்ளி குறைத்ததில்லை. ஏன் அப்படி நினைத்தாய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கூட்டியும் போடுவார். ஆனால் ஒருமுறை ஒரு பெடியன், கோடு வந்த பிறகு தன் ஊகத்தின் மேல் வெள்ளை மை பூசி, சரியான விடையை எழுதிக்கொண்டு வந்து நின்றான். மிஸ் ஏசவில்லை. பிளேட் ஒன்றை எடுத்து அந்த வெள்ளை மையைச் சுரண்டினார். சுரண்டிய தூளை ஒரு தாளில் சேர்த்து அவனிடம் கொடுத்தார். "இது என்னெண்டு நினைக்கிறாய்? எழுது. பிறகு போட்டுப் பாப்பம்." பாவம், அவன் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு அந்த வெள்ளை மையும் ஒரு பாடமாயிற்று.

எதைக் கண்டாலும் உள்ளே போட்டுப் பார்க்கும் குணம் அவருக்கு. முத்திரையின் பின்பக்கப் பசை, செருப்பின் அடி, சோற்றுப் பார்சல் சுற்றி வரும் லஞ்ச் ஷீட். ஒருநாள் நான் எங்கள் அந்தோனியார் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டொன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மிஸ் கண்டுவிட்டார். "அண்ணை, இதுவும் லஞ்ச் ஷீட்டும் ஒண்டோ வேறயோ? எழுதுங்கோ." இதென்ன கேள்வி, ஒன்று அந்தோனியாருக்கு, மற்றது சோற்றுக்கு. வேறு என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இரண்டு கோடுகளையும் கீறி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து யன்னல் கண்ணாடியில் பிடித்தார். வெளிச்சத்தில் இரண்டும் ஒரே கோடாகத் தெரிந்தன. அருகருகே இரண்டு ஆழமான பள்ளங்கள், தள்ளி இன்னும் இரண்டு சின்னன். அச்சு அசல். மெழுகும் பொலித்தீனும் உள்ளே ஒரே சரக்குத்தானாம். பொலித்தீனின் சங்கிலி மட்டும் நீளம் கூடவாம். அன்று பின்னேரம் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தும்போது எனக்குச் சோற்றுப் பார்சல் ஞாபகம் வந்தது. அந்தப் பாவத்தை மிஸ்ஸின் கணக்கில்தான் எழுதவேண்டும்.

ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் இதே வேலைதான். கைப்பையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். நூறாம் நம்பர் பஸ் எத்தனை நிமிடத்தில் வரும், மழை எத்தனை மணிக்குப் பெய்யும், எல்லாம் முதலில் ஊகம், பிறகு நடந்தது. காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு நாள் கைப்பையைக் கிண்டிய சிப்பாய் அந்தக் கொப்பியை எடுத்துவிட்டான். தமிழ்ப் பெண்ணின் பையில், பக்கம் பக்கமாக நேரமும் எண்களும். என்ன என்று கேட்டான். "இந்த வரிசையில நான் எத்தனை நிமிசம் நிப்பன் எண்டு எழுதியிருக்கிறன். இண்டைக்கு ஒன்பது எண்டு நினைச்சன், பதினாலு ஆயிட்டுது," என்று அரைகுறைச் சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். அந்தச் சிப்பாய், விசர் போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, விட்டுவிட்டான். அடுத்த கிழமை அவனே கேட்டானாம்: "அத கீயத மிஸ்?" இன்றைக்கு எத்தனை என்று. இதை மிஸ் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்காமல் ஒன்றையும் சொல்லமாட்டேன், எழுதினதை ஒளிக்கமாட்டேன் என்பவருக்கு அது நல்ல காலமில்லை என்று தோன்றியது.

இனி உப்பின் கதையைச் சொல்லவேண்டும்.

தூளான ஒரு பொருளை அந்த இயந்திரத்தில் பார்ப்பதென்றால், அதைப் பொற்றாசியம் புரோமைட்டு என்ற வெள்ளை உப்போடு சேர்த்து அரைத்து, அழுத்தி, கண்ணாடி மாதிரி ஒரு சின்ன வில்லையாக்கவேண்டும். அந்த உப்பு எந்தக் கதிரையும் விழுங்காது. தனியே போட்டால் கோடு நேராகப் போகும். அதனால்தான் அதை எடுப்பது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம், காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்துவிட்டால் கோட்டின் இடது பக்கத்தில் மாடு படுத்தெழும்பின மாதிரி ஓர் அகலப் பள்ளம் விழும். அது தண்ணீர். கொழும்புக் கடற்காற்றில் உப்பைக் காய வைத்திருப்பது லேசான காரியமில்லை. மணிக்கணக்காக மின்சார அடுப்பில் வைக்கவேண்டும். மின்சாரம் எங்கே?

அந்த வகுப்பில் புவனா என்று ஒரு பிள்ளை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். அவர்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள். வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் இன்னும் மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். அந்தக் கிழமை இரண்டு தடவை அவளுடைய வில்லையை மிஸ் திருப்பிவிட்டார். இரண்டு தடவையும் அதே தண்ணீர்ப் பள்ளம். "ஈர உப்பு பொய் சொல்லும், புவனா. ஈர உப்போட எனக்கு முன்னால வராதை," என்றார். வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளுக்கும் அது கேட்டது. மிஸ் ஏசியது அவ்வளவுதான், மிஸ்ஸுக்கு அது ஏச்சுமில்லை. புவனாவின் காது சிவந்துபோயிற்று.

பின்னேரம் அவள் என்னிடம் வந்தாள். "சார், கொஞ்சம் உப்பு குடுங்க சார். நான் போர்டிங்ல காய வச்சு எடுத்துட்டு வர்றேங்க. அங்க கேஸ் அடுப்பு இருக்குங்க." ஒரு ஜாம் போத்தலில் அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். போத்தலில் ஒரு துண்டு ஒட்டி, இன்ன பொருள், இன்ன ஆய்வுகூடம் என்று எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புவனா அந்த உப்பைப் போர்டிங் குசினியில் தாச்சியில் போட்டு, ரவை வறுப்பதுபோல வறுத்திருக்கிறாள். ஆறவிட்டு, போத்தலில் போட்டு, மூடியை இறுக்கி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். விடியப்புறம் போர்டிங் இருந்த ஒழுங்கையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. தோட்டத்து விலாசம் போட்ட அடையாள அட்டை, பெயரில்லாத வெள்ளைத் தூள், எண்கள் நிறைந்த ஒரு கொப்பி. இது என்ன என்று கேட்டதற்கு, "வறுத்த உப்புங்க," என்றாளாம். நல்ல பதில்.

நாலு பேரையும் பிடித்துக்கொண்டு போய், மற்ற மூன்று பிள்ளைகளையும் பகலில் விட்டுவிட்டார்கள். புவனாவை விடவில்லை.

மறுநாள் நானும் மிஸ்ஸும் வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், மரியாதையாக உட்காரக் கதிரை தந்தார். தமிழ் ஓரளவு பேசினார். "கவர்மென்ட் லெப் ரிப்போட் வர ஒண்டரை மாசம் போகும், மிஸ். அதுவரை புள்ள உள்ளதான். நீங்க லெட்டர் ஒண்டு குடுங்க. இது லெப் சாமான், ஆபத்து இல்லை எண்டு. நான் மேல பேசுறன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடிதம்தானே! பேனையை எடுத்து மிஸ்ஸிடம் நீட்டினேன்.

மிஸ் வாங்கவில்லை. "போத்தலை நான் பாக்கவேணும்," என்றார்.

"பாருங்க." மேசையில் வைத்தார்கள். மூடி திறந்துதான் இருந்தது.

"இப்பிடியில்லை. மெசினில போட்டுப் பாக்கவேணும். போத்தல் நேற்றிலிருந்து உங்கட கையில இருக்குது. அதுக்குள்ள இப்ப என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியாது."

மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். மிதித்தது கதிரையின் காலை. இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த மரியாதை மெல்லக் கழன்றது. "நாங்க ஏதும் போட்டம் எண்டு சொல்றீங்களா?"

"இல்லை. எனக்குத் தெரியாதெண்டு சொல்லுறன். நீங்களே கொண்டு வாங்கோ, உங்களுக்கு முன்னால பாப்பம்."

ஆய்வுகூடத்துக்குத் திரும்பப் பஸ் ஏறினோம். பம்பலப்பிட்டி தாண்டியதும் பொறுக்கமாட்டாமல் வெடித்தேன். "மிஸ், அது நான் என்ட கையால அள்ளிக் குடுத்த உப்பு. உங்களுக்குத் தெரியும். ஒரு கையெழுத்துத்தானே? வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டுறீங்களே!"

"அண்ணை, பாக்காமல் எழுதின கடிதம் ஒரு கேள்விக்குக்கூட நிண்டுபிடிக்காது. 'நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?' எண்டு ஒருத்தன் கேட்டால் முடிஞ்சுது. பிறகு அந்தப் பிள்ளை உண்மை சொன்னாலும் ஆர் நம்புவினம்?"

நியாயம்தான். ஆனால் நியாயம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது, பிள்ளை பொலிஸ் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் புவனாவின் அப்பா வந்துவிட்டார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, காலில் தோட்டத்து மண் இன்னும் போகவில்லை. ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"டீச்சரம்மா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா எம்புள்ளய விட்டுருவாங்கன்னு சொல்றாங்கம்மா. ஒரே ஒரு கையெழுத்துங்க."

மிஸ்ஸின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால் வாய் சொன்னது இதுதான்: "போடுவன் ஐயா. பாத்துட்டுப் போடுவன். பாக்காமல் என்னால ஏலாது."

அந்த மனிதருக்கு என்ன விளங்கும்? தலையை ஆட்டிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்களை எனக்குத் தெரியும். முயலைப் பிடித்து வைத்துக்கொண்டு, எண்ணிப் பார்க்காமல் கால் இருக்கிறதென்றே சொல்லமாட்டேன் என்பவரை அன்றுதான் கண்டேன். அன்று முழுவதும் நான் அவரை வெறுத்தேன். இருக்கிற உண்மையைச் சொல்கிறேன்.

நாலாம் நாள் பகல் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் போத்தல், பின்னால் ஒரு கான்ஸ்டபிள். ஏன் வந்தார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கோபம் பாதி, மிச்சம் பாதி விடுப்பு என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பெண் என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்கும் ஆசை. எனக்கும் அது இருந்ததே.

மின்சாரம் இரண்டு மணிக்கு வந்தது. இயந்திரம் சூடேறி நிதானத்துக்கு வர ஒரு மணித்தியாலம். அதன்பின் அடுத்த மின்வெட்டுக்கு முன் வேலையை முடிக்கவேண்டும். மிஸ் உப்பை அரைத்து, அழுத்தியில் வைத்து, வில்லையாக்கினார். வில்லையை இயந்திரத்துக்குள் வைத்து மூடியபின் கொப்பியைத் திறந்து இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வைத்தார். பேனையையும் வைத்தார்.

"என்ன வரும் எண்டு நினைக்கிறீங்கள்? எழுதுங்கோ."

"நான் பொலிஸ், மிஸ். ஸ்டூடன்ட் இல்லை."

"இங்க ஆர் வந்தாலும் இதுதான் சட்டம்."

சட்டம் என்ற சொல்லைப் பொலிஸ்காரரிடமே சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, சிங்களத்தில் ஒரு வரி எழுதினார். வெடிமருந்துச் சாமான். எழுதி ஒப்பமும் வைத்தார். மிஸ் அதற்குக் கீழே எழுதினார்: பொற்றாசியம் புரோமைட்டு, கோடு நேராகப் போகும். நான் உப்பு என்று மட்டும் எழுதினேன். என் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை.

"அமத்துங்கோ," என்றார் மிஸ், இன்ஸ்பெக்டரிடம்.

அவர் அழுத்தினார். பேனை ஊரத் தொடங்கியது. இடது பக்கத்திலேயே மாடு படுத்த பள்ளம். தண்ணீர். அதில் எனக்குப் பயமில்லை, நாலு நாள் மூடி திறந்து கிடந்த உப்பு குடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் பேனை அத்தோடு நிற்கவில்லை. அருகருகே இரண்டு கூரான பள்ளங்கள். தள்ளி, தனியாக இன்னொன்று. சின்னவைதான், ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடையவேண்டும்?

"மேக்க மொகத்த?" இன்ஸ்பெக்டரின் விரல் அந்தப் பள்ளங்களில் இருந்தது. இது என்ன?

கோட்டிலிருந்து மிஸ் கண்ணை எடுக்கவில்லை. "நான் நினைச்சது பிழை," என்றார் தெளிவாக. "உப்பு மட்டுமில்லை. இதுக்குள்ள வேறயும் ஏதோ இருக்குது."

நான் வாசல் பக்கம் திரும்பினேன். அன்றும் படியில் உட்கார்ந்திருந்த புவனாவின் அப்பாவுடைய முதுகு தெரிந்தது. கான்ஸ்டபிள் நிமிர்ந்து நின்றார். மிஸ்ஸின் முகத்தில் மட்டும் பயத்தைக் காணோம். பிளக் கழன்று கிடந்த அன்று பார்த்த அதே முகம்.

"வெடிமருந்தில இருக்கிற சரக்கெண்டால் இந்த இடத்தில கிணறு மாதிரி விழவேணும்," என்று கோட்டின் நடுவில் விரலை வைத்தார். "இங்க ஒண்டும் இல்லை, பாருங்கோ. ஆனால் இந்த மூண்டும் என்ன? முதல் ரெண்டும் மெழுகிலயும் வரும், எண்ணெயிலயும் வரும். மூண்டாவது மெழுகில வராது." சட்டென்று திரும்பினார். "பிள்ளை இதை எப்பிடிக் காய வைச்சவள்? வாக்குமூலத்தில இருக்குதோ?"

இன்ஸ்பெக்டர் பைலைப் புரட்டினார். "குக்கிங் பேன்ல வறுத்தது எண்டு சொல்லியிருக்கு. பொய் எண்டு நினைச்சன். ஆர் மிஸ் கெமிஸ்ட்ரி வறுக்கிறது?"

"போர்டிங் தாச்சி!" மிஸ் கை தட்டினார். சத்தியமாகக் கை தட்டினார். "அண்ணை, ஓடுங்கோ, கன்ரீனில ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு வாங்கோ!"

நான் ஓடிய ஓட்டத்தைச் சின்ன வயதிலும் ஓடியதில்லை. ஒரு சொட்டைப் புது உப்பில் கலந்து, அரைத்து, வில்லையாக்கி உள்ளே வைத்ததும் மிஸ் மறுபடியும் கொப்பியை நீட்டினார். இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் மறுக்கவில்லை. 'பொல் தெல்' என்று எழுதினார். தேங்காயெண்ணெய். பேனை ஊர்ந்தது. அருகருகே இரண்டு, தள்ளி ஒன்று.

மிஸ் இரண்டு தாள்களையும் யன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்தார். இன்ஸ்பெக்டர் மூக்கு தாளில் முட்டும் அளவுக்குக் குனிந்து விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுப் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "அப்பளம் பொரிச்ச சட்டியில பாம் வறுக்கிற ஆள் இல்லை," என்றார். அந்த அறையில் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடிதத்தை நான்தான் தட்டச்சில் அடித்தேன், கார்பன் பிரதியோடு. மிஸ் சொல்லச் சொல்ல அடித்தேன். போத்தலில் இருப்பவை: முதலாவது, பொற்றாசியம் புரோமைட்டு. இரண்டாவது, மிகச் சிறிதளவு தேங்காயெண்ணெய். மூன்றாவது, நீர்.

"தண்ணியும் போடவேணுமா மிஸ்?" இன்ஸ்பெக்டரே கேட்டார். "தண்ணி எல்லாத்திலயும் இருக்குதானே. எதுக்கு?"

"கோட்டில இருக்குதே," என்றார் மிஸ். போட்டோம். ஒப்பம் வைத்தார்.

ஐந்து மணிக்குப் புவனாவை வெளியே விட்டார்கள். பொலிஸ் நிலைய வாசலில் நானும் மிஸ்ஸும் அவளுடைய அப்பாவும் நின்றோம். நாலு நாள் உடுத்த அதே உடுப்பு, தலை சீவவில்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அப்பா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அழவில்லை. அவர் தோளுக்கு மேலால் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்கப் பயப்படுகிறாள் என்று தெரிந்தது. வீட்டைப் பற்றியோ, பரீட்சையைப் பற்றியோ கேட்பாள் என்று நினைத்தேன்.

"மிஸ், மெசின்ல போட்டுப் பாத்தீங்களாமே. தண்ணி இருந்துச்சுங்களா?"

மிஸ் அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"இல்லை புவனா. ஒரு சொட்டும் இல்லை. வலு திறமாக் காய வைச்சிருந்தாய்."

அந்தப் பிள்ளை அப்போதுதான் அழத் தொடங்கினாள். மிஸ் கிட்டப் போய் அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கடிதத்தின் கார்பன் பிரதி என் சட்டைப் பையில் இருந்தது. அதன் மூன்றாவது வரி தெரியாமல் மடித்து, இன்னும் உள்ளே தள்ளினேன்.